குங்குமம் இல்லாத டிஸ்க்

டிசம்பர் 7, ஞாயிறு

லேப்டாப் போய்விட்டது.

மதியம் 2.40-க்கு அம்மு 110 மில்லி குடித்தாள். அதை எழுதலாம் என்று திறந்தால் கறுப்புத் திரை, டிஸ்க்கைக் காணவில்லை என்று வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. நாலு தடவை அணைத்துப் போட்டேன். அம்முவின் அப்பா பட்டறையிலிருந்து சாப்பிட வந்தவர், கை கழுவுவதற்கு முன்பே அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

"லேத் மெஷினைத் தட்டற மாதிரி தட்டாதீங்க."

"லேத்த எவன் தட்டுவான்? லேத்து கோவிச்சுக்கும்."

அதனால் இந்த டைரி. அவருக்கு டூல்ஸ் கடைக்காரர் போன வருஷம் கொடுத்தது. ஒரு வரி எழுதாமல் அலமாரியில் கிடந்தது. அச்சடித்த கிழமை ஒன்றும் பொருந்தவில்லை. அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன்.

சுருக்கமாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் பின்னால் எனக்கே குழம்பும். அம்மு என்கிற அமிழ்தா மே 9-ல் பிறந்தாள். எட்டு வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். ஒரு கிலோ அறுநூறு. இருபத்து நாலு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். ஜூன் 2 அன்று வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், எத்தனை மணிக்கு எவ்வளவு பால் என்று எழுதி வைக்கச் சொன்னார். எக்செலில் ஒரு ஷீட் போட்டேன். தேதி, மணி, பால், ஈரத்துணி, ஞாயிறுதோறும் எடை. ஒரு வேளைகூட விட்டதில்லை. இந்த 24-ஆம் தேதி ஏழாம் மாதச் செக்கப். டாக்டர் எதைக் கேட்டாலும் சொல்ல அந்த ஷீட் வேண்டும். அது அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

ஷீட்டில் கடைசியாக இன்னொரு கட்டமும் உண்டு. அது டாக்டருக்கு இல்லை.

11.20 பார்த்தேன். சரி.
11.35 பார்த்தேன். சரி.

டிசம்பர் 8, திங்கள்

காந்திபுரத்தில் ஹேமலதா அக்காவின் சர்வீஸ் கடை. அம்முவைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்றார்தான். பட்டறையில் இரும்புத்தூள் பறக்கும்.

அக்கா பின்மூடியைக் கழற்றி டிஸ்க்கை வேறு மெஷினில் மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"செத்துருச்சுங்க. இதுல இருந்து எடுக்கறதுன்னா சென்னைக்கு அனுப்போணும். அப்பவும் வரும்னு சொல்ல மாட்டேன். எங்காச்சும் காப்பி வெச்சிருக்கீங்களா? நெட்டுல ஏத்தி வெச்சிருந்தா இப்பவே எடுத்துறலாம்."

"நெட்டுல ஏத்தலீங்க."

"போன்ல?"

"இல்லீங்க."

"ஏனுங்க? படிச்ச புள்ளையாட்டம் இருக்கீங்க."

குழந்தை விஷயம், கண்ணுபடும் என்றேன். அக்கா நம்பினார். அம்முவின் கன்னத்தில் இருந்த மைப்பொட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

டிசம்பர் 9, செவ்வாய்

அம்மு 6.10-க்கு 100. 9.00-க்கு 120. 12.15-க்கு 90, பாதியில் துப்பிவிட்டாள். ரசம் வைத்தேன். துணி இரண்டு பக்கெட். காப்பி எங்கே எடுத்தேன் என்று யோசித்துக்கொண்டே துவைத்தேன். எடுத்திருக்கிறேன். எடுக்காமல் இருக்க மாட்டேன்.

டிசம்பர் 10, புதன்

கிடைத்துவிட்டது! பூஜை அலமாரியில், சாம்பிராணி டப்பாவுக்குப் பின்னால்.

கல்யாணத்துக்கு முன் மில் ஆபீசில் எனக்கு அதுதான் வேலை. மாதம் ஒருமுறை கம்ப்யூட்டர்களை முழு இமேஜ் எடுத்து வைக்க வேண்டும். ஃபைல்களை மட்டும் நகலெடுப்பது வேறு. இமேஜ் என்றால் டிஸ்க் முழுவதையும், விண்டோஸ் முதல் திரையில் எந்த ஐகான் எந்த மூலையில் இருந்தது என்பதுவரை, ஒரே பெரிய ஃபைலாகப் பிடித்து வைத்துக்கொள்வது. டிஸ்க் போனால் புதுசு ஒன்றை மாட்டி அதன்மேல் இறக்கினால் பழையபடி அப்படியே வந்து நிற்கும். வீட்டிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

ஆயுத பூஜை அன்று, அக்டோபர் 1, சாயங்காலம் ஒரு தனி டிஸ்க்கில் எடுத்தேன். எடுத்து முடித்ததும் அவர் டிஸ்க்கை வாங்கி, அதன் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து உருவிக்கொண்டு போய் ஸ்பேனர், வெர்னியர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் நடுவில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அவர் வழக்கம் அது. புதிதாக ஒரு டிரில் பிட் வாங்கினாலும் பொட்டு வைக்காமல் மெஷினில் மாட்டமாட்டார். பூஜை முடிந்து எல்லாம் அதனதன் இடத்துக்குப் போயின. டிஸ்க் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. நவம்பரில் அம்முவுக்குச் சளி. இமேஜ் எடுக்கவே தோன்றவில்லை.

ஆகவே அக்டோபர் 1 வரை திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு இரண்டு மாதம் போனது போனதுதான். பரவாயில்லை. முதல் நாலு மாதம்தான் முக்கியம்.

அந்த இரண்டு மாதத்தில் என்ன எழுதினேன் என்று நினைவிலிருந்து எடுக்கப் பார்த்தேன். ஒரு நாள்கூட வரவில்லை.

12.05 சரி. 12.20 சரி. 12.30 சரி. 12.45 சரி.

டிசம்பர் 12, வெள்ளி

புது டிஸ்க்கை அவர் வாங்கி வந்தார். பழைய இமேஜ் இருக்கும் டிஸ்க்கும் இதுவும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே அளவு. பொருந்திப் போகும் என்று ஹேமா அக்காவே கொடுத்திருக்கிறார். இமேஜ் டிஸ்க்கின் கூடு உடைந்து ஒயர் லூசாக இருந்ததால், கூட்டைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சொருகும் ஒயர் ஒன்றும் வந்திருக்கிறது. கூடவே பென் டிரைவும், அக்கா கைப்பட எழுதிய தாளும்:

ஒன்று, புதுசை லேப்டாப்புக்குள் மாட்டவும். இரண்டு, பென் டிரைவில் ஸ்டார்ட் செய்யவும். மூன்று, உள்ளே இருக்கும் டிஸ்க்கை கிளீன் செய்யவும். நாலு, பழைய டிஸ்க்கை ஒயரில் சொருகி ரீஸ்டோர் கொடுக்கவும்.

இமேஜ் டிஸ்க்கில் இருக்கும் பொட்டைப் பற்றிப் போனில் கேட்டேன், துடைக்க வேண்டுமா என்று.

"பின் இருக்கற எடத்துல படலீன்னா ஒண்ணும் ஆகாதுங்க. போன மாசம் ஒருத்தர் மதர்போர்டுக்கே சந்தனம் பூசிக் கொண்டாந்தாரு. ஆன் பண்ணுனா வாசம் வருது, படம் வரல."

ஞாயிற்றுக்கிழமை செய்வதாக முடிவு. அவர் வீட்டில் இருப்பார்.

டிசம்பர் 14, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஒன்பது மணி. டைனிங் டேபிளில் துணி விரித்து இரண்டு டிஸ்க்கையும் வைத்தேன்; பழையதன் கூட்டை அவர் நேற்றே கழற்றியிருந்தார். அவருடைய சின்ன ஸ்க்ரூடிரைவர் செட். அம்மு அழுதாள். எழுந்து போகும்போது சொன்னேன், "குங்குமம் வெச்சது பழசு. அதைத் தொடாதீங்க. நான் வந்து மாட்டறேன்."

பால் கொடுத்து, ஏப்பம் விட வைத்து, படுக்க வைத்து, பார்த்துவிட்டு, மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதற்குள் அவர் மாட்டி, மூடி, ஸ்க்ரூவும் முறுக்கிவிட்டார்.

"நாந்தான் வரேன்னேனே."

"ஏழு ஸ்க்ரூ கோகி. நாள் முச்சூடும் இதத்தான பண்றேன். இதுகூட எங்கிட்டத் தரமாட்டியா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பென் டிரைவில் ஸ்டார்ட் ஆனது. மூன்றாவது வேலை, உள்ளே இருக்கும் டிஸ்க்கை கிளீன் செய்வது, அதாவது அதில் இருப்பதை முழுக்க அழிப்பது. கட்டளையை அடித்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

அதை அழுத்துவதற்கு முன் திரையின் மேலே ஒருமுறை பார்த்தேன். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள் நான், இதைப் பார்க்காமல் விடுவேனா? உள்ளே இருக்கும் டிஸ்க்கில் நூற்றெண்பது ஜிபி நிரம்பியிருப்பதாகக் காட்டியது. கடையிலிருந்து வந்த புது டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது.

"எதை மாட்டினீங்க?"

"நீ சொன்னதத்தான். குங்குமம் வெச்சதத் தொடாதேன்னே. தொடல. வெக்காததத்தான் மாட்டுனேன்."

ஒயரில் தொங்கிக்கொண்டிருந்ததை எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று சந்தனம், அதன் நடுவில் ஈரம் காயாத குங்குமம்.

"இதுக்கு எப்பப் பொட்டு வெச்சீங்க?"

"காத்தால. குளிச்சிட்டு வந்து விளக்குப் போடறப்ப. புதுசாச்சே."

பத்து வாரத்துக்கு முந்தைய பொட்டு கூட்டுக்குள் உரசி உதிர்ந்து போயிருக்கிறது. ஓரத்தில் மஞ்சளாக ஒரு தடம் மட்டும்தான் மிச்சம். நான் சொன்ன அடையாளம் பழையதிலிருந்து புதியதற்கு இடம் மாறியிருந்தது. அவர் சொன்னபடியேதான் செய்திருக்கிறார்.

என்டரை அழுத்தியிருந்தால் அம்முவின் நாலு மாதம் அதோடு முடிந்திருக்கும். என் விரலாலேயே.

நான் கத்தவில்லை. அவர் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஏழு ஸ்க்ரூவையும் கழற்றினார். மாஸ்கிங் டேப்பைக் கிழித்து ஒன்றில் 'பழசு', இன்னொன்றில் 'புதுசு' என்று எழுதி ஒட்டி, என்னிடம் நீட்டினார்.

"நீயே மாட்டு."

"நீங்களே மாட்டுங்க. நான் பாத்துக்கறேன்."

11.10-க்கு ரீஸ்டோர் ஓட ஆரம்பித்தது. மீதி நேரம் மூன்று மணி நாற்பது நிமிஷம் என்றது. பிறகு ஐந்து மணி நேரம் என்றது. பச்சைக் கோடு நகர்வதே தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அம்முவைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்து நின்றார்.

"நீ முழிச்சுப் பாத்தா வெசயா ஓடுமா அது?"

அதற்குப் பிறகு டேபிளிலேயே தலை சாய்த்திருக்கிறேன். விழித்தபோது 2.25. திரையில் 81 சதவீதம். அம்முவுக்கு எப்போது பால் கொடுத்தார், எவ்வளவு குடித்தாள் என்று கேட்டேன். "குடிச்சா, தூங்கறா" என்றார். எழுத முடியவில்லை.

4.30-க்கு முடிந்தது. என் பழைய வால்பேப்பர், மேல் மூலையில் என் ஐகான்கள். ஆயுத பூஜை சாயங்காலம் திரும்ப வந்து நின்றது. ஷீட்டைத் திறந்து கடைசி வரியைப் பார்த்தேன்: அக்டோபர் 1, 4.10, 90 மில்லி. மூடிவிட்டுப் பூண்டு உரிக்கப் போனேன்.

லேப்டாப்பை அணைக்காமல் போனது என் தப்பு.

டிசம்பர் 15, திங்கள்

நேற்று எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

பூண்டு உரித்து முடித்து வந்தால் அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா பார்க்கலாம் என்று திறந்தாராம். ஷீட்டை வலதுபக்கம் தள்ளிக் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார்.

அந்தக் கட்டத்துக்கு 'மூச்சு' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது அம்மு சில சமயம் மூச்சை நிறுத்திவிடுவாள். மெஷின் கத்தும். நர்ஸ் வந்து பாதத்தைச் சுண்டுவார், மறுபடி ஆரம்பிக்கும். குறைமாதக் குழந்தைகளுக்கு அப்படித்தான், வளர வளரச் சரியாகிவிடும் என்றார்கள். சரியான பிறகுதான் வீட்டுக்கும் அனுப்பினார்கள். ஆனால் வீட்டில் கத்துவதற்கு மெஷின் இல்லை.

அவர் கீழே கீழே போய்க்கொண்டிருந்தார். இரவு 1.07 இருக்கிறது. 1.19 இருக்கிறது. 1.28 இருக்கிறது. 1.41 இருக்கிறது. அப்படி நாலாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் வரி. எனக்கே அவ்வளவு என்று தெரியாது.

"நீ பாலுக்கு எந்திரிக்கறேன்னுதான நெனச்சேன்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. ஆகஸ்ட் 17.

"இது நீ பாத்து எழுதுனது இல்ல."

"ஏன்?"

"பதினொண்ணு, பதினொண்ணு பத்து, பதினொண்ணு இருவது, முப்பது. விடிய அஞ்சே நாப்பது வரைக்கும் இப்படியே. நாப்பத்தொரு வரி. கேஜ் வெச்சு அளந்தவன் எழுதுனா அளவு இப்படி வராது கோகி. முன்னப் பின்ன இருக்கும். எல்லாமே ரவுண்டா வந்துச்சுன்னா, டீ குடிச்சிட்டு வந்து உக்காந்து எழுதுனதுன்னு அர்த்தம். பட்டறையில எவனாச்சும் இப்படி ரிப்போர்ட் குடுத்தா அன்னிக்கே கணக்கத் தீத்து அனுப்பிருவேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிஷம் சிரிப்பு இல்லை.

அன்று தூங்கிவிட்டேன். பதினொன்றுக்குக் கண்ணை மூடியது நினைவிருக்கிறது. விழித்தபோது வெளிச்சம். அம்மு பசியில் அழுது முகம் சிவந்திருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். பிறகு உட்கார்ந்து நாற்பத்தொரு வரியையும் அடித்து நிரப்பினேன். காலியாக விட்டால் ஏதோ நடந்துவிடும் என்று. இதை யாரிடமும் சொன்னதில்லை. நானே மறந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

"அன்னிக்குத் தூங்குனயா?"

"ம்."

"எத்தன மணி நேரம்?"

"ஆறே முக்கால்."

"அம்மு?"

உள்ளே அறையில் அவள் தன் கால் கட்டைவிரலைப் பிடித்து வாய்க்குள் திணித்துக்கொண்டு, தனக்குத் தானே ஏதோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. வாசலில் சின்னதாக ஒரு கோலம். 12.10 சரி. 12.25 சரி. எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை அவர் பார்ப்பதாக ஏற்பாடு. "ஷிப்ட்டு போட்டுக்கலாம் அம்மிணி. மெஷினுக்கே ரெண்டு ஷிப்ட்டு" என்றார். நான் ஹாலில் பாய் போட்டுப் படுத்தேன். பத்தே காலுக்கு எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். பத்தரைக்கும் போனேன். பதினொன்றுக்குப் போனபோது கதவு உள்ளே தாழ்.

தட்டினேன்.

"இருக்கறா. போய்ப் படு" என்று உள்ளிருந்து சத்தம்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 20, சனி

நேற்று கதவடியிலேயே தூங்கிவிட்டேன் போல. கழுத்து பிடித்துக்கொண்டது. அம்மு நன்றாக இருக்கிறாள்.

டிசம்பர் 24, புதன்

செக்கப். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒன்பது பேர். அம்மு பக்கத்து அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தாள்.

டாக்டர் ரெஜினா அம்முவைக் குப்புறப் போட்டார், நிமிர்த்தினார், கையைப் பிடித்து உட்கார வைத்தார், மணியை ஆட்டிக் கண் திரும்புகிறதா பார்த்தார். ஏழு கிலோ நூறு. "சூப்பரா இருக்கா. முன்னாடி பொறந்தவன்னு யாரும் சொல்லமாட்டாங்க" என்றார். "வேற ஏதாவது கேக்கணுமா?"

அம்முவின் அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரிடம் காட்டு என்று வரும் வழியில் அவர் சொல்லவில்லை. வண்டியில் ஏறும்போது பை எடுத்தாயா என்று மட்டும் கேட்டார்.

லேப்டாப்பைத் திறந்து மேஜைமேல் வைத்தேன்.

"பால் கணக்கா? அதெல்லாம் இனிமே வேண்டாம்மா."

"பால் இல்லீங்க டாக்டர். கடைசிக் கட்டத்தப் பாருங்க. இது அம்முவோடது இல்லீங்க. என்னோடது."

டாக்டர் பார்த்தார். கீழே இறக்கினார், இன்னும் இறக்கினார். கையை எடுத்துவிட்டார். வெளியே அடுத்த பேரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தச் சொன்னார்.

"கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்கின?"

"ஆகஸ்ட் பதினேழு" என்றேன்.

பக்கத்தில் அம்முவின் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

குழந்தை பிறந்த பிறகு நிறையப் பேருக்கு இப்படி வருகிறதாம். அதற்கென்று அதே ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடியில் ஒரு டாக்டர் இருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தாய்ப்பாலுக்கு ஒத்துக்கொள்ளும் மாத்திரையும் உண்டாம். டாக்டர் அவரிடம், "ராத்திரி ஷிப்ட்ட விட்டுடாதீங்க" என்றார். "அதெல்லாம் கரெக்ட்டுங்க" என்றார், சூப்பர்வைசர் கேட்டதுபோல.

வரும் வழியில் கீரை வாங்கினோம்.

ஜனவரி 4, ஞாயிறு

மாத இமேஜ் எடுக்கும் நாள். மாத்திரை ஆரம்பித்து ஒன்பது நாள் ஆகிறது. மதியத்தில் வாய் உலர்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை. ராத்திரி எழுந்து போவது நாலு தடவைக்குக் குறைந்திருக்கிறது. அதைக் கட்டம் போட்டு எழுதவில்லை, இரண்டாவது மாடி டாக்டர் கேட்டபோது வாயால்தான் சொன்னேன்.

டேப் ஒட்டிய 'பழசு' டிஸ்க்கைச் சொருகினேன். புத்தாண்டு அன்று அதற்கும் புதிதாகப் பொட்டு வைத்திருக்கிறார். சாயங்காலம் ஏழரைக்கு ஆரம்பித்தது, பத்தரைக்கு முடிந்தது. எடுத்தது சரியாக இருக்கிறதா என்று இப்போதே சோதிக்கட்டுமா, இரண்டு மணி நேரம் ஆகும் என்று கேட்டது. மில் ஆபீசில் ஒருமுறைகூட அதை விட்டதில்லை.

வேண்டாம் என்று அழுத்திவிட்டு ஒயரைப் பிடுங்கினேன்.

இப்போது மணி 11.05. அவருடைய ஷிப்ட். போய்ப் பார்த்தேன். அவர் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். பக்கத்தில் அம்முவும்.

எழுப்பவில்லை. நானும் படுக்கிறேன்.